‘முகையதீன் வக்குசு உடைய கப்பல்’: ஒரு பழைய வணிகக் கப்பலின் உடைமை வரலாறு

முன்னுரை

நிலத்தின் உடைமை வரலாற்றை ஆராய்வார்க்கு நம் நாட்டில் கருவிகள் பல உள. கோயிற் சுவர்களில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளும் செப்பேடுகளும் ஓலை முறிகளும் ஒரு நிலம் யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதை எல்லை குறித்து உரைக்கின்றன. திருச்சிராப்பள்ளியை அடுத்த அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு ஊர்களின் சோழர்காலக் கல்வெட்டுகளைக் கொண்டே நொபொரு கராசிமா என்னும் சப்பானிய அறிஞர் நிலவுடைமை முறைகளின் வேறுபாட்டை விளக்கினார். 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டுக் காலத்தில் வெளிப்பட்ட அவ்வாய்வு, ஓர் ஊரில் நிலம் தனியார் உடைமையாகவும் மற்றோர் ஊரில் பொது உடைமையாகவும் விளங்கியதைக் காட்டிற்று. நிலம் அசையாப் பொருள். அதனருகே கல்லும் அசையாது நின்று சான்று பகர்கின்றது.

கப்பலோ அத்தகையது அன்று. அது துறை விட்டுத் துறை செல்லும், கைமாறும், பெயர் மாறும், இறுதியில் கடலில் மூழ்கும் அல்லது கரையில் உடைக்கப்படும். மரக்கலத்தோடு அதன் கணக்கேடும் மறையும். ஆதலின் தமிழர்தம் கடல் வாணிகத்தைப் பற்றிப் பெருமையுடன் பேசும் நாம், ‘இன்ன கப்பல் இன்னாருக்கு உரியது’ என்று சுட்டிக் காட்டவல்ல சான்றுகளை மிகச் சிலவாகவே பெற்றுள்ளோம். அச்சிலவற்றுள் ஒன்று, தமிழகத்தில் அன்று, தென்கோடியில் உள்ள நியூசிலாந்து நாட்டில் கிடைத்த ஒரு சிறு வெண்கல மணியாகும். அம்மணியின்மேல் உள்ள தமிழ்த் தொடர் ஆறு சொற்களே உடையது. அந்த ஆறு சொற்களும் ஒரு கப்பலின் உடைமையைப் பற்றி எவ்வளவு கூறுகின்றன, எவ்வளவு கூறவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணி கிடைத்த வரலாறு

வில்லியம் கொலென்சோ என்பார் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 1811இல் பிறந்தவர். கிறித்தவச் சமய ஊழியக் கழகத்தின் அச்சராக 1834ஆம் ஆண்டின் இறுதியில் நியூசிலாந்து சென்று சேர்ந்தார். மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை 1837இல் அச்சிட்டு முடித்தவர் இவரே. அந்நாட்டின் வடபகுதியில் வாங்கரெய் என்னும் இடத்தை அடுத்துப் பயணம் செய்தபொழுது, மாவோரிப் பெண்டிர் ஒரு வெண்கலக் கலத்தில் கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். இது 1836ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்தது. அக்கலம் கவிழ்க்கப்பட்ட மணி என்பதை உணர்ந்த அவர், ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதனைப் பெற்றுக்கொண்டார். பெருங்காற்றில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்தபொழுது அதன் வேர்களுக்கு அடியிலிருந்து அது வெளிப்பட்டது என்று மாவோரி மக்கள் அவரிடம் கூறினர்.

கொலென்சோ 1899இல் காலமானார். அவர் விருப்ப ஆவணத்தின்வழி மணி அந்நாட்டு அருங்காட்சியகத்தை அடைந்தது. இன்று வெலிங்டன் நகரில் தே பாப்பா என வழங்கும் தேசிய அருங்காட்சியகத்தில் அது ‘தமிழ் மணி’ என்னும் பெயரோடு காக்கப்படுகின்றது.

மணியைச் சுற்றி ஓடும் எழுத்துகள் பின்வருமாறு படிக்கப்பட்டுள்ளன: ‘முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி’. முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலினது மணி என்பது இதன் நேர்ப்பொருள். ஆண்டு இல்லை, ஊர் இல்லை, மன்னன் பெயர் இல்லை. உடையவன், உடைமை, உடைமையின் உறுப்பு ஆகிய மூன்றே உள்ளன.

இத்தொடர் கிடைத்த நாள் முதல் இதன்மேல் எழுந்த கருத்துகள் பல. ஐரோப்பியர் காண்பதற்கு முன்னரே தமிழர் நியூசிலாந்தைக் கண்டனர் என்பார் ஒரு சாரார். எழுத்துகள் பழமையானவை, ஆதலின் மணி ஐந்நூறு ஆண்டு முற்பட்டது என்பார் மற்றொரு சாரார். மாலுமியற்ற கப்பல் ஒன்று நீரோட்டத்தால் இழுக்கப்பட்டு அங்கே ஒதுங்கியது என்பாரும் உளர். மேடைகளில் முதற்கருத்தே மிகுதியாக முழங்கப்படுகின்றது. இக்கருத்துகளை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ முன்னர், தொடரைத் தமிழிலக்கண முறையால் ஆராய்தல் தமிழ்த்துறையாரின் கடன் ஆகும். பிறர் செய்ய இயலாத பகுதியும் அதுவே.

‘உடைய’ என்னும் சொல்

இத்தொடரில் ‘உடைய’ என்பது இருமுறை வந்துள்ளது. ஆறாம் வேற்றுமையின் பொருளை உணர்த்தும் சொல்லுருபாக அது நிற்கின்றது. ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இலக்கண நூலார் இருவகையாகப் பகுப்பர். பொருளினின்று பிரிக்கவியலாத பண்பு, உறுப்பு முதலியவை தற்கிழமை. பிரிந்து நிற்கும் பொருள், இடம், காலம் ஆகியவை பிறிதின்கிழமை. சாத்தனது கை என்பதும் சாத்தனது வீடு என்பதும் ஒரே உருபு பெறினும் கிழமையால் வேறுபடுவன.

‘முகையதீன் வக்குசு உடைய கப்பல்’ என்பது பிறிதின்கிழமை. கப்பல் இன்று இவனுடையது. நாளை விற்கப்பட்டால் வேறொருவனுடையது. ‘கப்பல் உடைய மணி’ என்பதோ உறுப்பின்பாற்பட்டது. பாய்மரமும் சுக்கானும் நங்கூரமும் போல மணியும் கப்பலின் உறுப்பாக எண்ணப்பட்டது. ஆதலின்தான் மணியை வார்த்தவன் ‘முகையதீன் வக்குசு உடைய மணி’ என்று சுருக்கமாகப் பொறிக்காது, இடையே கப்பலை நிறுத்தினான். மணி உடையவனுக்கு நேரே உரியது அன்று. கப்பலின் வழியே உரியது. கப்பல் விற்கப்பட்டால் மணியும் உடன் செல்லும் என்பது இத்தொடரமைப்பில் அடங்கியுள்ளது.

இவ்விடத்தில் கோயில் மணிகளை ஒப்புநோக்குவது பயன் தரும். நம் ஊர்க் கோயில்களில் உள்ள மணிகளிலும் விளக்குகளிலும் ‘இன்னார் உபயம்’ என்று பொறிக்கும் வழக்கு உண்டு. ஆண்டுப் பெயர் பெயர் தந்தவன் உடையவன் அல்லன், கொடுத்துவிட்டவன். கப்பல் மணியில் உள்ள சொல் ‘உபயம்’ அன்று, ‘உடைய’ என்பதே. ஆதலின் இது கொடையைக் குறித்த பொறிப்பு ஆகாது. உரிமையைக் குறித்த பொறிப்பே என்று துணியலாம்.

இனி, மற்றோர் இலக்கணக் கூறும் கருதத்தக்கது. ‘உடைய’ என்பது அடிப்படையில் குறிப்புப் பெயரெச்சம். ‘வாங்கிய’, ‘விற்ற’ என்னும் தெரிநிலைப் பெயரெச்சங்கள் போல அது காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. முகையதீன் வக்குசு அக்கப்பலை உடையவனாக இருந்தான் என்பதே தொடரால் பெறப்படுவது. எப்பொழுது உடையவன் ஆனான், எப்பொழுது உடையவன் அல்லன் ஆனான் என்பவை அதனால் பெறப்படா. மணி வார்க்கப்பட்ட நாளின் உடைமையைத் தொடர் உரைக்கின்றது; கப்பல் இறுதியாகப் பாய் விரித்த நாளின் உடைமையை அன்று. இவ்வேறுபாட்டை மறந்தமையே இம்மணியைப் பற்றிய பல பிழைபட்ட முடிவுகளுக்குக் காரணம் என்பது இக்கட்டுரையாளன் கருத்து.

ஆள் பெயரா, கப்பல் பெயரா?

‘முகையதீன்’ என்பது முகியித்தீன் என்னும் அரபுப் பெயரின் தமிழ் வடிவம். பாக்தாது நகரில் வாழ்ந்து 1166இல் மறைந்த அப்துல் காதிர் சீலானி என்னும் இறைநேயரின் சிறப்புப் பெயர் அது. அவர் பெயரால் அமைந்த காதிரிய்யா நெறி தமிழகக் கடற்கரை முசுலிம்களிடையே ஆழ வேரூன்றியது. நாகூரில் அடங்கியுள்ள சாகுல் அமீது அவர்களும் அந்நெறியைச் சார்ந்தவரே. உமறுப்புலவரைப் புரந்த கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயர், செய்கு அப்துல் காதிறு என்பதன் மரூஉ. அவரும் மரக்கல வாணிகர். பினாங்குத் தீவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முசுலிம் மக்களின் தலைவராக விளங்கி, கப்பித்தான் கிலிங் பள்ளிவாசலோடு தொடர்புற்றவர் காதர் முகைதீன் என்பார். கடல் கடந்து வாணிகம் செய்த குடும்பங்களில் இப்பெயர் எத்துணைப் பரவியிருந்தது என்பதற்கு இவை சான்றாகும்.

‘வக்குசு’ என்பது பாரசீகச் சொல்லான ‘பக்ஷ்’ என்பதன் தமிழ் வடிவம். கொடை, அருளப்பெற்றது என்னும் பொருளது. வடவெழுத்தை விலக்கி, மெய்ம்மயக்கத்தைத் தவிர்க்க உகரம் புணர்த்து, தமிழ் ஒலிமரபுக்கு ஏற்பப் பொறித்தவன் எழுதியுள்ளான். ஆகவே ‘முகையதீன் வக்குசு’ என்பதற்கு ‘முகையதீன் அருளிய கொடை’ என்பது பொருளாகும்.

ஈண்டு ஓர் ஐயம் எழுகின்றது. ‘பக்ஷ்’ என முடியும் பெயர்கள் மக்களுக்கு மட்டும் இடப்பட்டவை அல்ல. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இந்தியக் கடற்கரையில் ஓடிய முசுலிம் வணிகர் கப்பல்களுக்கும் இத்தகைய பெயர்கள் வழங்கின. கடலில் காவல் வேண்டி இறைநேயர் பெயரைக் கலத்துக்கு இடுவது இயல்பே. அவ்வாறாயின் முகையதீன் வக்குசு என்பது கப்பலை உடையவனின் பெயரா, கப்பலின் பெயரா?

தமிழ்த் தொடரமைப்பு இவ்வையத்தை ஓரளவு தீர்க்கின்றது. கப்பலின் பெயராக இருந்தால் ‘முகையதீன் வக்குசுக் கப்பல்’ என இருபெயரொட்டாகவோ, ‘முகையதீன் வக்குசு என்னும் கப்பல்’ எனவோ அமைதல் மரபு. பெயருக்கும் பெயர் பெற்ற பொருளுக்கும் இடையே ‘உடைய’ என்னும் உருபு வாராது. சித்திரை என்னும் திங்களைச் ‘சித்திரை உடைய திங்கள்’ என எவரும் கூறார். உருபு வந்துள்ளமையால் முன்னுள்ள பெயர் உடையவனைக் குறிப்பதே என்பது இலக்கணத்தோடு பொருந்திய முடிவு. வழக்கம் ஒருபுறம் ஐயத்தை எழுப்பினும், தொடரின் உருபு மறுபுறம் உறுதியாக நிற்கின்றது. உருபின் சான்றையே வலிமை உடையதாக நாம் கொள்ளுதல் வேண்டும்.

உடையவன் என்பவன் யார்?

உடையவன் ஒரு மனிதன் என்று கொண்டபின்னும், அவன் கப்பலோடு எத்தகைய தொடர்பு உடையவன் என்னும் வினா எஞ்சுகின்றது. பழைய வாணிகத்தில் கப்பல் உடையவன், கப்பலைச் செலுத்துபவன், சரக்கை உடையவன், பணம் கொடுத்தவன் ஆகியோர் வெவ்வேறு மக்கள் ஆதலும் உண்டு; ஒருவனே ஆதலும் உண்டு.

சுமத்திராத் தீவின் பாரூசுப் பகுதியில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரைக் குறிப்பிடுவது. அதில் ‘மரக்கல நாயன்’ என்னும் சொல் வருகின்றது. நாயன் என்பது தலைவன். அவன் கலத்துக்கு உரியவனா, கலத்தைச் செலுத்துபவனா என்பது சொல்லளவில் இருபொருள்பட நிற்கின்றது. பாரசீகச் சொல்லான ‘நாகுதா’ என்பதும் அத்தகையதே. கலத்தின் தலைவன் என்பது அதன் நேர்ப்பொருள். தானே கப்பலை உடைய நாகுதாவும் உண்டு. பிறர் கப்பலைச் செலுத்தும் நாகுதாவும் உண்டு. நம் மணியில் ‘நாயன்’ என்றோ ‘நாகுதா’ என்றோ பொறிக்கப்படாமல் ‘உடைய’ என்று பொறிக்கப்பட்டது நற்பேறு ஆகும். பதவியைச் சுட்டும் சொல் ஐயத்துக்கு இடம் தந்திருக்கும். உரிமையைச் சுட்டும் சொல் அதனைக் குறைக்கின்றது.

கப்பலின் உடைமை வேறு, சரக்கின் உடைமை வேறு என்பதற்கும் தென்னாட்டு வாணிகத்திலேயே மிகப் பழைய சான்று உண்டு. முசிறித் துறையிலிருந்து சென்ற சரக்கைப் பற்றிய கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஆவணம் ஒன்று வியன்னா நகரில் உள்ளது. 1985இல் அது பதிப்பிக்கப்பட்டது. அதில் கப்பலின் பெயர் ‘எர்மப்பொல்லோன்’ எனக் காண்கின்றது. கங்கைப் பகுதி நறுமணப் பொருளும் யானைத் தந்தமும் துணியும் அதில் ஏற்றப்பட்டன. கடன் கொடுத்தவனுக்கு அச்சரக்கே ஈடாக வைக்கப்பட்டது. குறித்த காலத்தில் கடன் தீர்க்கப்படாவிடின் சரக்கைக் கைக்கொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு. கப்பலில் பெயர் ஒருவனுக்கு, சரக்கு மற்றொருவனுக்கு, சரக்கின்மேல் உரிமை மூன்றாமவனுக்கு என்னும் நிலை அன்றே இருந்தது. உறையூர் எனக் கருதப்படும் ‘அர்காரு’ என்னும் உள்நாட்டு நகரின் மெல்லிய துணிகள் கடற்றுறைக்குச் சென்றதைப் பெரிப்புளூசு என்னும் கிரேக்கப் பயண நூல் கூறுகின்றது. காவிரிக் கரையில் நெய்த துணி அயல்நாட்டார் கலத்தில் ஏறிச் சென்ற காலத்தில், துணியைக் கொண்டு கலத்தின் உடைமையை முடிவு செய்ய இயலுமோ? இயலாது. அவ்வாறே மணியைக் கொண்டு இறுதிப் பயணத்தின் உடைமையை முடிவு செய்தலும் இயலாது.

கைமாற்றமும் பெயர் மாற்றமும்

கப்பல் கைமாறும்பொழுது அதன் பெயரும் மாறுதல் பெருவழக்கு. கல்கத்தாவில் வாணிகம் செய்த காம்பெல், கிளார்க்கு நிறுவனத்தார் ‘பேகம் சா’ என்னும் பெயர் பெற்ற கப்பல் ஒன்றை வாங்கிச் ‘சிட்னி கோவ்’ எனப் பெயர் மாற்றினர். இந்திய மாலுமிகளோடு சிட்னி நோக்கிச் சென்ற அக்கப்பல், 1797இல் ஆத்திரேலியாவுக்கும் தாசுமேனியாவுக்கும் இடையே ஒரு தீவில் உடைந்தது. பெயர் ஒன்றையே நோக்குவார், அக்கலம் ஆங்கிலேய நாட்டில் பிறந்தது என்றே எண்ணுவர்.

நம் மக்களின் கப்பல் வரலாற்றிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை, அமெரிக்கக் கடலோடியான வில்லியம் ஆல்பர்ட்டு இராபின்சன் 1930களில் விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் அதனைப் ‘புளோரன்சு சி. இராபின்சன்’ என்று மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்திய அக்கலம் சூயசுக் கால்வாய் வழியாகச் சென்று, 1938ஆம் ஆண்டு ஆகத்து 1ஆம் நாள் அமெரிக்காவின் குளோசுடர் துறையை அடைந்தது. கட்டியவரும் செலுத்தியவரும் தமிழர்; உடையவர் அமெரிக்கர்; பெயர் ஆங்கிலப் பெயர். அப்பெயர் எழுதிய பலகை ஒன்று மட்டும் பிற்காலத்தார் கையில் கிடைத்தால், வல்வெட்டித்துறையை நினைப்பார் எவரும் இரார்.

இவ்விரண்டு எடுத்துக்காட்டுகளும் ஒரே உண்மையை இருபுறமிருந்து காட்டுகின்றன. அயற்பெயர் தாங்கிய கலத்தின் பின்னே நம் உழைப்பு மறைந்திருத்தல் கூடும். நம் பெயர் தாங்கிய மணியின் பின்னே அயலார் உடைமை மறைந்திருத்தலும் கூடும். முன்னதை வலியுறுத்தும் நாம் பின்னதை மறுத்தல் நடுவுநிலைமை ஆகாது.

எழுத்தின் பழமை

மணியின் எழுத்துகள் பழைய வடிவின என்பதனால் அதன் காலத்தைப் பிற்காலப் பாண்டியர் காலத்தோடு சேர்த்து எண்ணியவர் உளர். இக்கொள்கை ஆராய்தற்கு உரியது. அச்சுப் பரவுவதற்கு முன்னர்த் தமிழெழுத்தின் மாற்றம் ஒரே சீராக நிகழவில்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை வரிவடிவில் தெளிவாக்கிய வீரமாமுனிவர் 1747இல் மறைந்தார். எனினும் அவர் காட்டிய முறை ஏடெழுதுவார் அனைவரிடமும் உடனே பரவவில்லை. 19ஆம் நூற்றாண்டு ஓலைச் சுவடிகளிலும் புள்ளியின்றி எழுதும் பழைய வழக்கம் தொடர்ந்தது. உலோகத்தில் எழுத்து வார்க்கும் கன்னார் தம் முன்னோரின் வடிவங்களையே பின்பற்றுதலும் இயல்பு. ஆகவே எழுத்தின் பழைய தோற்றம் மணியின் முந்தைய எல்லையை அகலப்படுத்துமேயன்றி, அதனை ஒரு நூற்றாண்டில் நிறுத்தாது.

‘பக்ஷ்’ என்னும் பாரசீகக் கூறு பெயரில் இடம்பெற்றிருத்தலையும் இதனோடு வைத்து எண்ணுதல் வேண்டும். அத்தகைய பெயர்கள் கடற்கரை வணிகரிடையே மிகுந்து காணப்படுவது 18, 19ஆம் நூற்றாண்டுகளிலேயே. எழுத்து ஒரு காலத்தையும் பெயர் வேறொரு காலத்தையும் காட்டுமாயின், இரண்டும் பொருந்தும் பிற்காலத்தை ஏற்பதே முறை. பழைய வடிவம் பிற்காலத்தில் தொடர்தல் எளிது. பிற்கால வழக்கு முற்காலத்தில் தோன்றுதல் அரிது.

கடல்வழி பற்றிய ஒரு கருத்து

மணி நியூசிலாந்தை அடைந்த வழியை ஆராயும்பொழுது, புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட ஒரு வணிகக் கப்பலை நாம் மறத்தலாகாது. ‘சேன் ழான் பத்தீசுத்து’ என்னும் பிரெஞ்சுக் கப்பல் 1769ஆம் ஆண்டு சூன் திங்களில் புதுச்சேரித் துறையை விட்டது. அதன் தலைவர் சூர்வில். அவரும், புதுச்சேரி ஆளுநர் லா த லொரிசுத்தோனும், சந்திரநாகூர்த் தலைவர் செவாலியேயும் கூட்டாக அம்முயற்சியில் முதல் இட்டனர். இந்தியத் துணிகளைச் சரக்காக ஏற்றிய அக்கலத்தில் இந்திய மாலுமிகளும் இருந்தனர். அது 1769 திசம்பரில் நியூசிலாந்தின் வடபகுதியில் உள்ள டவுட்லெசு வளைகுடாவில் நங்கூரமிட்டது. அதே திங்களில் ஆங்கிலேயக் கடலோடி குக்கும் அக்கரையை ஒட்டிச் சென்றார், ஒருவரையொருவர் காணவில்லை.

கடும்புயலில் அக்கப்பல் நங்கூரங்களை இழந்தது. இழந்தவற்றுள் இரண்டு 1974இல் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டன. காணாமற்போன சிறுபடகை மாவோரி மக்கள் எடுத்துக்கொண்டனர் எனச் சினந்த சூர்வில், குடிசைகளைக் கொளுத்தி, இரங்கினுயி என்னும் மாவோரித் தலைவரைச் சிறைபிடித்துச் சென்றார். இரங்கினுயி 1770 மார்ச்சில் கடலிலேயே உயிர் துறந்தார். அடுத்த திங்களில் பெரு நாட்டுக் கரையில் சூர்வில்லும் அலையில் மூழ்கி மாண்டார்.

இக்கப்பலே மணியைக் கொணர்ந்தது என்று இக்கட்டுரை முடிவு கூறவில்லை. ஆயின் மூன்று செய்திகள் ஒருங்கு நிற்கின்றன. சோழமண்டலக் கரையிலிருந்து புறப்பட்ட கலம். மணி கிடைத்த அதே வடநிலப் பகுதியில் நங்கூரமிட்ட கலம். மணி கிடைப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட கலம். 1790களுக்குப் பின்னரோ, கல்கத்தாவிலிருந்து சிட்னிக்கும் அங்கிருந்து நியூசிலாந்துக்கும் கப்பல்கள் பல சென்றன. இந்தியத் துறைகளில் பழைய கப்பற்பொருள்கள் வாங்கி விற்கப்படுதல் இயல்பு. பிரெஞ்சு அல்லது ஆங்கிலக் கலம் ஒன்றில் தமிழ் மணி ஏறுதற்குத் தடை எதுவும் இல்லை. அறியப்பட்ட வழிகள் இவ்வாறு இருக்க, அறியப்படாத ஒரு பயணத்தை முதற்கண் கற்பித்தல் ஆராய்ச்சி நெறி ஆகாது.

மரவேர்ச் செய்தி இதற்கு மாறாகுமோ எனின், ஆகாது. மரம் மணியின்மேல் வளர்ந்தது எனின் மணி பழமையானது. வளர்ந்த மரத்தின் அடியில் மணி புதையுண்டது எனின் அவ்வளவு பழமை வேண்டா. மாவோரி மக்கள் கூறியது மணி கிடைத்த இடத்தை. அது புதைந்த காலத்தை அன்று.

மணியின் பிற்கால உடைமை

உடைமை வரலாறு எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் முகையதீன் வக்குசிடமிருந்து கொலென்சோவுக்குத் தாவுகின்றனர். இடையில் மணியை உடையவராக இருந்தவர் மாவோரி மக்கள். அவர்கள் எழுதி வைக்கவில்லை என்பதனால் அவர்தம் உடைமை உடைமை அன்று எனல் பொருந்தாது. அவர்கள் அதனைக் கண்டெடுத்தனர், பயன்படுத்தினர், தமக்குத் தேவையான இரும்புப் பானையைப் பெற்று மாற்றிக் கொடுத்தனர். இம்மணியின் வரலாற்றில் விலை இன்னது என்று நமக்குத் தெரிந்த கைமாற்றம் இது ஒன்றே. முகையதீன் வக்குசு கொடுத்த விலை தெரியாது. மாவோரிப் பெண்டிர் பெற்ற விலை தெரியும்.

கப்பலின் உறுப்பு எனத் தொடர் குறித்த மணி, கப்பல் மறைந்தபின் தனிப்பொருளாயிற்று. இலக்கணத்தில் தற்கிழமையாக நின்றது வரலாற்றில் பிறிதின்கிழமையாக மாறிற்று. உறுப்பு எஞ்ச, உடல் அழிந்தது. எனினும் அவ்வுறுப்பு தன் உடலின் உடையவன் பெயரைக் காத்துத் தந்துள்ளது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு. முதலாவது, மணியின் தொடர் உரிமைப் பொறிப்பே. கொடைப் பொறிப்பு அன்று. இரண்டாவது, முகையதீன் வக்குசு என்பது ‘உடைய’ என்னும் உருபின் வலியால் கப்பல் உடையவனின் பெயராகவே கொள்ளத்தக்கது. மூன்றாவது, அவன் காதிரிய்யா நெறி பரவிய தமிழ்க் கடற்கரை முசுலிம் வணிகருள் ஒருவன் எனக் கருதுதல் பெயராலும் மொழியாலும் பொருந்தும். நான்காவது, ‘உடைய’ என்பது காலம் காட்டாமையால், அவன் கப்பலே நியூசிலாந்து சென்றது எனத் தொடரைக் கொண்டு துணிதல் இயலாது. ஐந்தாவது, எழுத்தின் தோற்றத்தைவிடப் பெயர்வழக்கு பிற்காலத்தையே சுட்டுகின்றது.

தமிழர் நியூசிலாந்தை முதலில் கண்டனர் என்னும் கூற்றை இம்மணியின் துணையால் நிறுவ இயலாது என்பது சிலர்க்கு ஏமாற்றம் தரலாம். ஆயின் இம்மணி தருவது சிறிய செய்தி அன்று. தமிழ் பேசிய முசுலிம் வணிகன் ஒருவன் சொந்தமாகக் கப்பல் வைத்திருந்தான். அதன் உடைமையை அரபியிலோ பாரசீகத்திலோ பொறிக்காது தமிழில் பொறித்தான். தமிழின் வேற்றுமை உருபைக் கொண்டே தன் உரிமையை உலகறிய நாட்டினான். மரக்கல வாணிகத்தில் தமிழ் உரிமை மொழியாகவும் வழங்கியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. மன்னர் கல்வெட்டுகளில் நாடும் ஊரும் பேசப்படுகின்றன. இங்கே பேசுபவன் ஒரு தனி வணிகன்.

முதுகலை மாணவர் இத்துறையில் ஆராயப் புகுவாராயின், வெறும் பெருமித உரைகளைத் தொகுத்தலை விடுத்து, நாகூர், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய துறைகளின் கப்பற் பெயர்களையும் உடையார் பெயர்களையும் திரட்டி, அவை பினாங்கு, மலாக்கா, அச்சே ஆகிய துறைகளில் எவ்வாறு பதியப்பட்டன என்பதை ஒப்புநோக்குதல் வேண்டும். தமிழ் ஒலிமரபில் திரிந்த முகையதீன், வக்குசு போன்ற வடிவங்களை அயலார் ஏடுகளில் அடையாளம் காணத் தமிழ் இலக்கணம் கற்றவரே வல்லுநர். அவ்வாறு திரட்டப்படும் பட்டியலில் ‘உடைய’ என்னும் சொல்லுக்கு முன்னே நிற்கும் பெயர்கள் ஒவ்வொன்றும், இம்மணி பொறித்த வணிகனுக்கு ஒரு துணையாய் வந்து நிற்கும்.